குறைமாசக் குழந்தைகள் வார்டில் தன்னார்வலராகப் போக நினைக்கிறீர்களா? கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கான முழு வழிகாட்டி

பச்சிளம் குழந்தைகள் வார்டில் சேவை செய்யப் போகணும் என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மனதில் ஒரே படம்தான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பிஞ்சை எடுத்து மடியில் வைத்துத் தட்டிக்கொடுப்பது. அந்த வேலை உங்களுக்குக் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்தக் குழந்தையைத் தொட வேண்டியவள் அதன் அம்மா. அவள் பயமில்லாமல், பசியில்லாமல், கொஞ்சமாவது தூங்கி எழுந்து, வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளையைப் பற்றிய கவலை இல்லாமல் அதைத் தொடும்படி செய்வதுதான் நம் வேலை. இதைப் படித்து மனசு சுருங்கினால் வேறு இடத்தில் சேவை செய்யலாம், தவறில்லை. சுருங்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை, கணக்கு எழுதும் வேலை பார்த்தவள். மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை 2 மாதம் போனேன், அப்புறம் வருஷத்துக்கு ஒரு மாதம் என்று போய்வருகிறேன். கீழே இருப்பதெல்லாம் அங்கே சிஸ்டர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததும், நானாகத் தப்புச் செய்து தெரிந்துகொண்டதும்.

1. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு நாள்

நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் பிரசவ அறைக்கும் உள்ள உறவு பழையது. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் மருத்துவம் படிக்கப் போனார். ஆண் டாக்டர் தொடக் கூடாது என்று அந்த வீடுகளில் மறுத்துவிட்டார்கள். 1900இல் டாக்டராகத் திரும்பிவந்து வேலூரில் அவர் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி. ஆனால் தன்னார்வலர் தேவைப்படுகிற இடம் வேலூர் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. ஒட்டன்சத்திரத்தில் 1955இல் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை மாதிரி கிராமத்துக்கு நடுவில் நின்று வளர்ந்தவை சில உண்டு. தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருமண்டலங்களும் கத்தோலிக்கக் கன்னியர்களும் நடத்துகிற 30, 50 படுக்கை ஆஸ்பத்திரிகள் தாலுகாவுக்குத் தாலுகா இருக்கின்றன. ஒரு குழந்தை டாக்டர், 4 அல்லது 5 சிஸ்டர்கள், 2 ஆயாம்மா, இவ்வளவுதான் மொத்தப் படை. ஒரு ஆள் கூடினாலே வித்தியாசம் தெரிகிற இடம் அது.

நேரில் போய் நிற்காதீர்கள். நிர்வாக அதிகாரிக்கோ மருத்துவக் கண்காணிப்பாளருக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் யார், எத்தனை நாள் இருக்க முடியும், என்ன வேலை தெரியும், தமிழ் தவிர வேறு என்ன மொழி பேசுவீர்கள், எல்லாம் அதில் இருக்கட்டும். எல்லையோர ஊர்களில் தெலுங்கோ மலையாளமோ கன்னடமோ பேசத் தெரிந்தவர் பெரிய உதவி. அடையாளச் சான்றும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றும் கேட்பார்கள். கேட்காத இடத்திலும் நீங்களாகக் கொடுங்கள், பச்சைக்குழந்தைகள் இருக்கிற இடம் அது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் எந்த விசாவில் வர வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் டாக்டராக இருப்பவரும் இந்தியப் பதிவோ அனுமதியோ இல்லாமல் இங்கே சிகிச்சை செய்ய முடியாது.

நாள் கணக்கு முக்கியம். ஒரு மாதத்துக்குக் குறைவாகப் போகாதீர்கள் என்பேன். முதல் வாரம் முழுக்க அவர்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடும், 3 நாளில் திரும்புகிறவரால் சிஸ்டர்களுக்கு வேலை கூடுவதுதான் மிச்சம்.

மதம் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். காலையில் ஆலயத்தில் ஜெபத்தோடு நாள் தொடங்கும். வேறு மதத்தவர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம், நான் போன இடத்தில் யாரும் கட்டாயப்படுத்தியதில்லை. ஆனால் பிள்ளை பிழைக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய் எந்த மதத்தைப் பற்றியும் நீங்கள் பேசக் கூடாது. அவளாகக் கேட்டால் அவள் சாமியையே கும்பிடச் சொல்லுங்கள், போதும்.

2. கிளம்பும் முன் உங்கள் உடம்பைச் சரிபாருங்கள்

1,200 கிராம் குழந்தைக்கு நம்முடைய சாதாரண ஜலதோஷம் சாதாரணம் இல்லை. ஹெபடைடிஸ் பி, அம்மை வகைத் தடுப்பூசிகள், கக்குவான் இருமலுக்கான ஊக்கத் தவணை, ஃப்ளூ ஊசி, இவற்றில் எது பாக்கி என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் கிளம்ப வேண்டும். உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமே, பல்லி எச்சம், சூடு என்று நாம் விட்டுவிடுவோம். அது ஹெர்பிஸ் கிருமி, பச்சைக்குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். அது இருக்கும் நாட்களில் வார்டு வாசலைத் தாண்டக் கூடாது. அங்கே போன பிறகு காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி என்றால் மறைக்காமல் சொல்லிவிட்டு சமையல்கட்டிலோ பதிவேட்டு அறையிலோ வேலை கேளுங்கள்.

பையில் என்ன எடுத்துப்போவது: வெளுத்த பருத்திச் சேலைகள் (பழையது, துவைத்தது), ஜிப் வைத்த நைட்டிகள், மிகச் சிறிய குல்லாய், காலுறை. சாத்துக்குடி அளவுத் தலைக்குக் குல்லாய் பின்னத் தெரிந்தால் இன்னும் நல்லது. பால்பவுடர் டின்னும் பாட்டிலும் தயவுசெய்து வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு அவற்றை நன்கொடையாகக் கொடுப்பதை 1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால்மாற்றுச் சட்டமே தடுக்கிறது. காரணமும் நியாயமானது. டின் கண்ணில் பட்டால், பால் இல்லையோ என்று ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் தாய் பீய்ச்சுவதை விட்டுவிடுவாள்.

3. முதல் வாரம்: கை கழுவுதல் மட்டும்

இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்காதீர்கள். முதல் நாள் தலைமை சிஸ்டர் என்னைக் குழாயடியில் நிறுத்தி, மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். மணிக்கட்டில் கோயில் கயிறு ஒன்று இருந்தது, அதைத் தொட்டு, "இதும்மா" என்றார். நான் தயங்கினேன். அவர் கத்தரிக்கோலை என் கையிலேயே கொடுத்து, "ஈரம் இந்தக் கயித்துக்குள்ளதான் தங்கும், கிருமியும் அங்கேதான் தங்கும், நீங்களே வெட்டிக்கங்க" என்றார். வெட்டிக்கொண்டேன். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது, நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகநுனி, கடைசியில் மணிக்கட்டு என்று வரிசையாகத் தேய்த்து, வார்டுக்குள் நுழையும்போது முழுசாக 2 நிமிஷம் கழுவ வேண்டும். உள்ளே ஒவ்வொரு முறையும் சானிடைசர் போட்டு 20, 30 விநாடி, தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். செல்போனைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே போன் வெளியே இருக்கட்டும்.

இதைக் கற்றுக்கொண்டதும் உங்களுக்கு ஒரு நிஜ வேலை தயாராகிவிடுகிறது: தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் கை கழுவக் கற்றுக்கொடுப்பது. சிஸ்டருக்கு ஒவ்வொருவர் பக்கத்திலும் 2 நிமிஷம் நிற்க நேரமில்லை, உங்களுக்கு இருக்கிறது. இங்கே ஒன்று கவனியுங்கள். ஏழாம் மாச வளைகாப்பு முடிந்து சில நாளிலேயே பிரசவமான பெண்கள் வருவார்கள். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அதைக் கழற்றச் சொல்வது உங்களுக்குச் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம், அவளுக்கு அப்படி இல்லை. ஒரு பெண் வளையலைக் கழற்றக் கழற்ற அழுதாள். ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து அவள் பேர் எழுதி அவள் தலையணைக்கு அடியிலேயே வைத்தோம், அப்புறம் அழுகை நின்றது. வளைகாப்புக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டவர்களுக்கு அது நடக்காமல் போனதே தனி துக்கம். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள்.

4. வார்டுக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் சிகிச்சை செய்யப்போவதில்லை. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் குறுக்கே நிற்காமல் இருப்பீர்கள்.

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாசம். 2,500 கிராமுக்குக் கீழே எடை குறைவு, 1,500க்குக் கீழே மிகவும் குறைவு. இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று பெரிய எதிரிகள்: குளிர், தொற்று, பால் குடிக்கும் பலமின்மை. மூச்சுத்திணறல் அதோடு சேரும். வார்மர் குழந்தையைச் சூடாக வைக்கிறது. நீல விளக்கு மஞ்சள் காமாலையைக் குறைக்கிறது. 1956 வாக்கில் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் குறைமாசக் குழந்தைகளை வெயிலில் எடுத்துப்போன சிஸ்டர் வார்டு என்ற நர்ஸ், வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்து, துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதைக் கவனித்துச் சொன்னதிலிருந்துதான் அந்தச் சிகிச்சையே வந்தது. அதற்காக, "இளவெயில்ல காட்டினா போதுமே" என்று பாட்டிகள் சொல்வதற்குத் தலையாட்டிவிடாதீர்கள். வெயிலில் எவ்வளவு வெளிச்சம் கிடைக்கிறது என்று அளக்க முடியாது, பிஞ்சுக்குக் குளிரும் அடித்துவிடும். ஆக்சிஜனும் அப்படித்தான், குறைந்தாலும் ஆபத்து, கூடினால் குறைமாசக் குழந்தையின் விழித்திரையைக் கெடுக்கும். குழாயையோ திருகையோ நாம் தொடவே கூடாது என்பது அதனால்தான்.

கண்ணாடிப் பெட்டி (இன்குபேட்டர்) மேல் நோட்டை வைக்காதீர்கள், விரலால் தட்டாதீர்கள், வெளியே சின்னதாகக் கேட்கிற சத்தம் உள்ளே இடி மாதிரி விழும். சிஸ்டர் மருந்து அளக்கும்போது எந்தக் கேள்வியும் கேட்காதீர்கள்.

5. கங்காரு முறை: உங்கள் நேரத்தில் முக்கால்வாசி இதற்குத்தான்

1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் தவித்த ஒரு ஆஸ்பத்திரியில், டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு கட்டிவைக்கச் சொன்னார். இல்லாத குறைக்குச் செய்தது என்றுதான் பல வருஷம் நினைத்தார்கள். இந்தியா உட்பட 5 நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. உடம்பு நிலைப்படட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனே தாயின் நெஞ்சில் வைத்தபோது இறப்பு கால்வாசி குறைந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், தானாக மூச்சுவிட முடியாத, அல்லது ரத்த ஓட்டம் குறைந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருக்கிற குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே இதைத் தொடங்குங்கள், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம்வரை முடிந்த அளவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது.

8 மணி நேரம் என்று எழுதிவிடலாம். பச்சை உடம்புக்காரி, தையல் வலியோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் 8 மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள் தெரியும். அங்கேதான் நாம் வருகிறோம். முதுகுக்குத் தலையணை, காலுக்கு ஒரு முக்காலி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், பாத்ரூம் போக வேண்டுமானால் கூப்பிட ஒரு ஆள், பேச்சுத்துணை. குழந்தையை வைப்பதும் எடுப்பதும் சிஸ்டர் செய்வார். நீங்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்: நாப்கின், குல்லாய், காலுறை தவிரக் குழந்தைக்கு உடுப்பில்லை. இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்ந்த நிலை. தலை ஒரு பக்கமாகத் திரும்பி, மோவாய் நெஞ்சில் அமுங்காமல் லேசாக நிமிர்ந்து இருக்கணும், கழுத்து மடிந்தால் மூச்சு அடைபடும். கால்கள் தவளை மாதிரி மடங்கியிருக்கும். மேலே பருத்திச் சேலையால் இறுக்கமாக, ஆனால் வயிறு ஏறி இறங்க இடம் விட்டு ஒரு கட்டு. மூக்கும் முகமும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1,240 கிராம் பெண்குழந்தை ஒன்று. அம்மாவுக்கு 19, 20 வயதுதான் இருக்கும். 5 நாளாகக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாளே தவிர, தொடச் சொன்னால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். சிஸ்டர் ஒன்றும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் நைட்டி ஜிப்பைத் திறக்கச் சொல்லி, பேசிக்கொண்டே குழந்தையை நெஞ்சில் வைத்துவிட்டார். குழந்தையின் மூச்சு முதலில் படபடவென்று இருந்தது, அப்புறம் மெதுவாக அம்மாவின் மூச்சோடு சேர்ந்துகொண்ட மாதிரி அடங்கியது. பின்னால் கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. "சுடுதுக்கா" என்றாள் என்னிடம். காய்ச்சல் என்று நினைத்துவிட்டாளோ என்று பயந்து, இல்லம்மா, அது உன் சூடு என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கொளுத்துகிற மே மாதத்தில் குல்லாய் எதுக்கு என்று கேட்பார்கள். நமக்கு வியர்க்கும் அறையிலும் அந்தக் குழந்தைக்குக் குளிரும், மின்விசிறிக் காற்று ஒன்று போதும். புறங்கையால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்: வயிறும் பாதமும் வெதுவெதுப்பு என்றால் சரி, வயிறு சூடாகப் பாதம் சில்லென்று இருந்தால் குளிர் தொடங்கிவிட்டது, இரண்டும் சில்லென்று இருந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். தெர்மாமீட்டர் கணக்கில் 36.5இலிருந்து 37.5 டிகிரி செல்சியஸ்வரை சரியான சூடு.

அப்பாவும் பாட்டியும் கங்காரு முறையில் வைத்துக்கொள்ளலாம். அம்மா சாப்பிடவும் குளிக்கவும் போகும்போது மாமியார் நெஞ்சில் குழந்தை கிடந்தால், வீட்டுக்குப் போனபின் மாமியாரும் அந்தக் குழந்தைக்காக நிற்பார். நான் கண்ணால் பார்த்தது.

ஒரு இரவு கரண்ட் போய் ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். கிராமத்தில் இது எங்கேயும் நடக்கும். டார்ச் வெளிச்சத்தில் சிஸ்டர் சொன்னது ஒரே வரி: "எல்லா அம்மாவையும் எழுப்புங்க." வார்மரில் தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்த 4 குழந்தைகளும் 5 நிமிஷத்துக்குள் 4 நெஞ்சுகளில். மூச்சுக்கு உதவி தேவைப்பட்ட ஒரு குழந்தையை அவர் மூச்சுக்குக் காற்றுத் தரும் பையைக் கையால் அமுக்கியே பார்த்துக்கொண்டார். 20 நிமிஷம் கழித்து விளக்கு வந்தபோது எடுத்த சூடு, 4 பேருக்கும் 36.5க்கு மேலேதான் இருந்தது. என் வேலை என்ன தெரியுமா? அம்மாக்களை எழுப்பி, இருட்டில் கை கழுவத் தண்ணீர் ஊற்றியது.

6. பால்

32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் குழாய் வழியாகப் பால். 32, 34 வாரத்தில் பாலாடை, அதாவது பால் புகட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். 34க்கு மேல் மெதுவாக மார்பில். பாலாடை நம்ம வீட்டுச் சாமான்தான், ஆங்கில மருத்துவப் புத்தகங்களிலும் அதே பெயரில்தான் எழுதுகிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பழக்கத்தில் குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்துப் புகட்டுவோமே, அது இங்கே ஆகவே ஆகாது. புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போய்விடும். குழந்தை பாதி நிமிர்ந்திருக்க வேண்டும், பாலாடையின் மூக்கு வாயோரத்தில் தொட்டு நிற்க வேண்டும், துளித்துளியாக, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. உங்கள் வேலை பாலாடையைக் கழுவிக் கொதிக்கவைப்பது, எந்த நேரத்தில் எத்தனை மில்லி என்று அட்டையில் குறிப்பது.

பீய்ச்சுவதுதான் கஷ்டம். 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, இரவையும் சேர்த்து நாளுக்கு 8 தடவையாவது. முதல் இரண்டு நாள் ஒரு தடவைக்குச் சீம்பால் ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. சிரிஞ்சில் 1 மில்லியைப் பிடித்துக்கொண்டு, "இவ்ளோதான் வருது" என்று கூனிக்குறுகி வந்து நிற்பார்கள். அந்த 1 மில்லியை இரண்டு கையாலும் வாங்குங்கள். அந்தப் பிஞ்சு வயிற்றுக்கு அது போதும் என்று சிஸ்டர் சொல்வதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பி, சுடுதண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். கிண்ணத்தில் பெயரும் நேரமும் எழுதாமல் பிரிட்ஜுக்குள் எதுவும் போகக் கூடாது.

சாப்பாடு விஷயத்தில் பத்தியம் என்று சொல்லி ரசஞ்சோறு மட்டும் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. சண்டை வேண்டாம். பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, முருங்கைக்கீரை, முட்டை எல்லாமே நம் பக்குவம்தான், அதையே கேட்டு வாங்கிக் கொடுங்கள். சமையல்கட்டு அக்காவிடம் முதல் நாளே நட்பாகிவிடுங்கள், ராத்திரி 10 மணிக்கு ஒரு டம்ளர் பாலும் 2 முட்டையும் அவரால்தான் கிடைக்கும்.

7. வீட்டாரிடம் பேசுவது

"ஏழு மாசம் பொழைக்கும், எட்டு மாசம் பொழைக்காது" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதை வாசலிலேயே நின்று சத்தமாகச் சொல்வார்கள், உள்ளே இருக்கும் எட்டு மாசத் தாய்க்குக் கேட்கும்படி. வயிற்றில் கூட இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான் என்று அமைதியாகச் சொல்லுங்கள், அதையும் அவளுக்குக் கேட்கும்படியே சொல்லுங்கள்.

சேனை வைப்பது, தேன் தொடுவது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், மூக்கில் விளக்கெண்ணெய், உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவது, இவை எல்லாமே இந்தக் குழந்தைகளுக்கு ஆபத்து. ஆனால் பாட்டியைத் திட்டினால் மடியில் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பார், தடுக்கவே முடியாது. நான் கேட்டதிலேயே நல்ல பேச்சு ஒரு ஆயாம்மா பேசியது. "நீங்க வளர்த்ததெல்லாம் நெறமாசப் புள்ளைங்க பாட்டி, அதுக்கு உங்க கைப்பக்குவம் தாங்கும். இது அவசரப்பட்டு வந்துடுச்சு. இதுக்குப் பத்தியம் வேற, தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் ஆகாது." பாட்டி கோபப்படவே இல்லை, யாரையும் கிட்டே விடாமல் காவல் காத்தார். திருஷ்டிப் பொட்டை மட்டும் கண்ணில் மையாகத் தீட்டாமல் குல்லாயின் மேல் வைக்கச் சொல்லிவிடலாம்.

பெண்குழந்தை என்றதும் அப்பா வராமல் போவது இன்னும் நடக்கிறது. "நீங்களே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று ஒரு தாய் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லலாம். சரி என்றும் சொல்லாதீர்கள், தெரிந்த குழந்தையில்லாத தம்பதிக்குப் போனும் போடாதீர்கள், அது குற்றம். சமூக நலப் பணியாளரிடம் அவளைக் கூட்டிப்போங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது, வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் ஒப்படைக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அவள் கேட்பது குழந்தையைக் கொடுக்க இல்லை, வீட்டில் யாராவது தன் பக்கம் நிற்க மாட்டார்களா என்றுதான்.

பணம் கையில் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியின் ஏழைகள் நிதியில் கட்டுங்கள், ரசீது அந்தக் குடும்பத்தின் பில்லில் கழியட்டும். குழந்தையைப் போட்டோ எடுக்கவே எடுக்காதீர்கள், அம்மா சம்மதித்தாலும் வேண்டாம். அந்த நேரத்தில் அவள் யார் எதைக் கேட்டாலும் சம்மதிப்பாள்.

ஆண் தன்னார்வலர்களுக்கு: கங்காரு அறைக்குள் நீங்கள் போக முடியாது, போகவும் வேண்டாம். வெளியே வேலை ஏராளம். 21 நாளுக்குள் கட்டணமில்லாமல் பிறப்புப் பதிவு செய்ய அப்பாக்களுக்கு உதவுவது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தவணைக்கும் முதல்வர் காப்பீட்டுக்கும் காகிதம் சேர்ப்பது, ரத்தம் கொடுப்பது, மூத்த பிள்ளைகளை மரத்தடியில் வைத்துப் பார்த்துக்கொள்வது. கங்காரு முறையில் வைத்துக்கொள்ளக் கூச்சப்படும் ஒரு அப்பாவோடு டீ குடித்துக்கொண்டே பேசிச் சம்மதிக்கவைப்பது உங்களால் மட்டும்தான் முடியும்.

8. ஒரு குழந்தை இறக்கும்போது

இறக்கும். ஒரு மாதம் இருந்தால் ஒன்றாவது பார்ப்பீர்கள். ஏன் என்று டாக்டர் சொல்வார், நீங்கள் சொல்லாதீர்கள். "அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்", "சாமி எடுத்துக்கிச்சு", "சின்ன வயசுதானே" எதுவும் வேண்டாம். அம்மா குழந்தையைப் பார்க்க வேண்டும், கையில் வாங்க வேண்டும் என்று விரும்பினால் வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதற்கு முன் சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஒரு பாட்டில் வெந்நீரும் நல்ல துணியும் எடுத்துக் கொடுங்கள். துடைத்து, குல்லாய் மாட்டி, பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கையில் கொடுப்பார்கள். பக்கத்தில் உட்காருங்கள். அழுகை வந்தால் அழலாம், ஆனால் அவளைவிடச் சத்தமாக அழக் கூடாது.

இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பால் கட்டும். யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் சிஸ்டரிடம் கேட்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும்படி செய்யுங்கள். அவள் நடந்துபோகும் வழி மற்ற அம்மாக்களின் கட்டில்களைத் தாண்டிப் போகாமல் இருக்கட்டும்.

நீங்களும் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். சிஸ்டர்களுக்கு அந்த வசதிகூட இல்லை, அடுத்த குழந்தைக்கு ஊசி நேரம் வந்துவிடும். அவர்களுக்கு ஒரு காப்பி கொண்டுபோய்க் கொடுங்கள்.

9. டிஸ்சார்ஜ், அதற்கப்புறம்

தாய்ப்பாலை நன்றாகக் குடித்து, சில நாளாக எடை தொடர்ந்து ஏறி, வார்மர் இல்லாமல் சூடு நின்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் தப்பிய பிறகு வீட்டில் போய் உயிரிழக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள், அதனால் இந்தக் கட்டத்தில் தன்னார்வலருக்கு வேலை அதிகம். ஆபத்து அறிகுறிகளை அம்மா தன் வாயால் திரும்பச் சொல்லும்வரை விடாதீர்கள்: பால் குடிக்காமல் துவளுவது, நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சுக்கூடு உள்ளே இழுப்பது, வலிப்பு, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சள், தொப்புளில் சீழ், உடம்பு சில்லென்று ஆவது அல்லது கொதிப்பது. இதில் ஒன்று இருந்தாலும் 108 ஆம்புலன்ஸுக்கு போன், வரும் வழியெல்லாம் கங்காரு முறையில் நெஞ்சோடு. கிராம சுகாதார செவிலியரின் எண் அவள் கணவர் போனில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் கண். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்திருந்தால் இன்னும் சீக்கிரம், 2, 3 வாரத்திலேயே. தவறினால் உயிரோடு காப்பாற்றிய பிள்ளை நிரந்தரமாகப் பார்வை இழக்கலாம், வெளிப்பார்வைக்குக் குழந்தையின் கண்ணில் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் 30ஆம் நாள் வீட்டில் தீட்டுக் கழிக்கிற நாளாக இருக்கும், இல்லை பெயர் வைக்கிற நாளாக இருக்கும், இல்லை பஸ் காசு இருக்காது. அதனால் தேதியை அட்டையில் எழுதினால் மட்டும் போதாது. யார் கூட வருவார், எந்த பஸ், எத்தனை மணிக்கு, மூத்த பிள்ளையை யார் பார்ப்பார், இவ்வளவையும் கேட்டு எழுதிவைத்து, முதல் நாள் சாயங்காலம் போன் பண்ணுங்கள்.

இதற்கென்று ஒரு 80 பக்க நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். பெயர்கள், தேதிகள், எடை, போன் பண்ணியாச்சா இல்லையா. அது ஆஸ்பத்திரியின் சொத்து, உங்கள் பெட்டியில் ஊருக்கு வரக் கூடாது. நீங்கள் கிளம்பும் நாளில் அடுத்து வருகிற தன்னார்வலரையோ சமூக நலப் பணியாளரையோ பக்கத்தில் உட்காரவைத்து, பாக்கி இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டிக் கொடுங்கள். போன தடவை நான் கொடுத்துவிட்டு வந்த நோட்டில் கடைசி வரி அந்த 1,240 கிராம் குழந்தை: வியாழன், கண் பரிசோதனை, மாமியார் கூட வருவார், காலை 6.40 பஸ்.